லேபல் கொட்டேஷனில் விலைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

வணக்கம் உறவுகளே. மேசையில் கிடப்பது ஒரு லேபல் ரோலும் அச்சகத்துக் கொட்டேஷன் ஒன்றும்தான். கொழும்பில் வீட்டிலேயே ஊறுகாய், மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் என்று போட்டு விற்கிறவர்கள் புறக்கோட்டைப் பக்கம் ஸ்டிக்கர் அடிக்கக் கொடுக்கும்போது நேராக அடியில் இருக்கிற தொகையைத்தான் பார்க்கிறார்கள். மேலே இருக்கிற நான்கைந்து சொல்லில்தான் அந்தத் தொகையே இருக்கிறது.

ஒன்றை உரித்துக் காட்டுகிறேன், பாருங்கள். அச்சு விழுகிற பக்கம் ஃபேஸ்ஸ்டாக். அதன் முதுகில் பசை. அடியில் வழுவழுவென்று இருக்கிறதே, இது லைனர். சிலிக்கோன் பூசியிருப்பதால்தான் பசை இதில் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வருகிறது. ஃபேஸ்ஸ்டாக் கடதாசியாகவும் இருக்கலாம், ‘பி.பி.’ என்று போட்டிருந்தால் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். எண்ணெய்ப் போத்தலுக்குக் கடதாசி வேண்டாம், ஊறிக் கறையாகிவிடும்.

எல்லோரும் கேட்க மறக்கிற விஷயம் பசை. பெர்மனன்ட் என்றால் நிரந்தரமாகப் பிடிக்கும், ரிமூவபிள் என்றால் சுத்தமாக உரிந்து வரும். மூன்றாவது ஃப்ரீசர் பசை. இதில் இரண்டு வெப்பநிலை இருக்கிறது: ஒட்டுகிற நேரத்துச் சூடு ஒன்று, ஒட்டியபின் பொருள் இருக்கப்போகிற குளிர் இன்னொன்று. சாதாரணப் பசையை அறைச் சூட்டில் ஒட்டி, நன்றாகப் பிடித்த பிறகு குளிரில் வைத்தால் பெரும்பாலும் தாங்கும். ஏற்கெனவே உறைந்திருக்கிற இறால் பக்கெட்டில் அதையே ஒட்டினால் பசை இறுகிப்போய்ப் பிடிக்காது. ஆகவே “ஃப்ரீசருக்கு வேண்டும் அண்ணா” என்று மட்டும் சொன்னால் போதாது. ஒட்டும்போது பொருள் எந்த நிலையில் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்து பிளேட் சார்ஜ், அதாவது அச்சுத் தகட்டுக்கான காசு. வளைகிற தகட்டால் அச்சடிக்கிற ஃப்ளெக்ஸோ முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிளேட் வேண்டும். டிசைன் மாறாவிட்டால் அடுத்த ஓர்டருக்கும் அதே பிளேட் உதவும். டிஜிட்டலில் பிளேட்டே இல்லை, அதனால் சின்ன எண்ணிக்கைக்கு அதுதான் கட்டுப்படியாகும். டை என்பது லேபலை வெட்டுகிற அச்சு. அச்சகத்தில் இருக்கிற டை அளவுக்கே டிசைனைச் செய்தால் புது டைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. முனையைக் கொஞ்சம் வளைவாக வையுங்கள், கூர்முனைதான் முதலில் கிளம்பும். ப்ளீட் என்று கேட்டால், வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் நிறத்தை நீட்டிவிடச் சொல்கிறார்கள். அல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

திகதி அடிக்க சின்னப் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு: டைரக்ட் தெர்மலில் சூடு பட்டு லேபலே கறுத்து எழுத்து விழும். அதற்கு ரிப்பன் (மை நாடா) வேண்டாம், ஆனால் வெயிலில் எழுத்து மங்கும். தெர்மல் ட்ரான்ஸ்ஃபர் சூட்டால் ரிப்பனின் மையை லேபலில் ஏற்றுவது, அதற்கு ரிப்பன் வேண்டும். கடதாசிக்கு வாக்ஸ் (மெழுகு) ரிப்பன், பிளாஸ்டிக்குக்கு ரெசின் (பிசின்) ரிப்பன். வாக்ஸ் ரிப்பனில் பி.பி. மீது அடித்துவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள், தெரியும்!

கோர், அன்வைண்ட் டைரக்‌ஷன் இரண்டும் மெஷினில் ஒட்டுகிறவர்களுக்கு. ரோலின் நடுக் குழாய்தான் கோர். லேபலின் எந்தப் பக்கம் முதலில் வெளியே வரவேண்டும் என்பது டைரக்‌ஷன். கையால் ஒட்டுகிறவர்கள் இதை யோசித்து மண்டையை உடைக்கவேண்டாம்.

கடைசியாக பார்கோட். பார்கோட் எண்களைக் கொடுக்கிற ஜிஎஸ்1 அமைப்பு இலங்கையில் வழங்குகிற எண்கள் 479 என்று தொடங்கும். டிசைன் அழகாக இருக்கட்டும் என்று கோடுகளைச் சிவப்பில் போடுகிறார்கள். பல ஸ்கேனர்களின் வெளிச்சமே சிவப்பு, அதனால் அந்தக் கோடு அதன் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரியும். இரண்டு பக்கமும் வெற்றிடம் விடுங்கள், அதற்குள் எழுத்தைத் திணிக்கக் கூடாது. ஒல்லியான போத்தல் என்றால் பார்கோடைத் திருப்பி, கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் ஓரத்துக் கோடுகள் வளைவுக்குப் பின்னால் போய்விடும், காசாளர் போத்தலை உருட்டிக்கொண்டே நிற்பார்.