இரண்டு அப்பாக்களும் ஒரு சோதனைச் சாவடியும்

வணக்கம் மக்களே. இஸ்ரேல், பாலஸ்தீனம் என்று வாயெடுத்தாலே "நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு அப்பாக்களைப் பற்றிப் பேச வேண்டும்.

ரமி எல்ஹனான், ஜெருசலேம்காரர், யூதர். 1997 செப்டம்பரில் பென் யெஹுதா தெருவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் அவர் மகள் ஸ்மதார் இறந்தாள். 13 வயது.

பஸ்ஸாம் அராமின், பாலஸ்தீனர். 17 வயதில் இஸ்ரேலியச் சிறைக்குப் போய் 7 ஆண்டுகள் இருந்தவர். 2007 ஜனவரியில் அவர் மகள் அபீர், ஜெருசலேமை ஒட்டிய அனாதா ஊரில் பள்ளிக்கு வெளியே மிட்டாய் வாங்கிக்கொண்டு நின்றாள். இஸ்ரேலிய எல்லைக் காவல்படையின் ரப்பர் பூசிய தோட்டா தலையில் பட்டு இறந்தாள். 10 வயதுதான். சுட்டவர் மீது குற்ற வழக்கே இல்லை. அரசுதான் பொறுப்பு என்று சிவில் நீதிமன்றம் சொன்னதே 2010-ல்தான்.

இருவரும் இன்று 'பேரண்ட்ஸ் சர்க்கிள்' அமைப்பில் சேர்ந்து பேசுகிறார்கள். இரு தரப்பிலும் பிள்ளையை, உறவைப் பறிகொடுத்த குடும்பங்களின் அமைப்பு அது. 1995-ல் தொடங்கியது. அவர்கள் நடத்தும் கூட்டு நினைவஞ்சலிக்கு வரவிருந்த பாலஸ்தீனர்களுக்கு, 2018-ல் அப்போதைய இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சர் லீபர்மன் அனுமதி மறுத்தார். உயர் நீதிமன்றம்தான் அதை மாற்றியது. பாலஸ்தீனர்களிலும் பலர், இப்படி இரு தரப்பும் சேர்ந்து மேடையேறுவதைக் கோபத்தோடு 'தத்பீ' என்கிறார்கள். இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு அப்படியே இருக்க, எல்லாம் சகஜம் என்று காட்டுவது என்று பொருள்.

பாலஸ்தீனர்களின் இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. இஸ்ரேல் ஆக்கிரமித்திருக்கும் மேற்குக் கரையில் வாழும் பாலஸ்தீனர் ஜெருசலேமுக்குள் வர அனுமதிச் சீட்டோடு சோதனைச் சாவடியில் நிற்க வேண்டும். இஸ்ரேலியருக்கு அந்த வரிசை கிடையாது. 1993-ல் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தலைமைக்கும் இடையே ஆஸ்லோ சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது மேற்குக் கரையில் சுமார் 1 லட்சம் யூதக் குடியேறிகள். கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமலே இன்று 5 லட்சத்துக்கு மேல். இப்படி நிலம் கரைந்துகொண்டே போனால் எதை வைத்துச் சமாதானம் பேசுவது?

ஆனால் இந்த இருவர் மேல் அந்தக் குற்றச்சாட்டு ஒட்டாது. "பாவம், கட்டிப்பிடித்து அழுகிறார்கள்" என்று பார்த்துவிட்டு நகர்பவர்கள் ஒன்றைக் காதில் வாங்குவதில்லை. ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்று யூதரான ரமியே வெளிப்படையாகச் சொல்கிறார். நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஹோலோகாஸ்ட் பற்றி, இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர் பாலஸ்தீனரான பஸ்ஸாம். 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கும் அதன்பின் காஸாவில் நடந்த பேரழிவுக்கும் பிறகும் இருவரும் ஒரே மேடையில்தான் நிற்கிறார்கள்.

சரி, நான் யார் பக்கம்? அந்தச் சோதனைச் சாவடி இல்லாமல் பஸ்ஸாம் ரமியின் வீட்டுக்குப் போய் வர வேண்டும், ஸ்மதார் வயதுப் பிள்ளைகள் பயமில்லாமல் கடைத்தெருவுக்குப் போக வேண்டும் என்பவர்கள் பக்கம்.