தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பிள்ளைகள்

நேயர்களுக்கு வணக்கம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் போன்றோர் உறுப்பினர்கள். பல ஊர்களில் அதன் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரே வாசகம்தான்: ‘குழு கூடியது. புகார் ஏதும் வரப்பெறவில்லை.’ கீழே வரிசையாகக் கையெழுத்துகள். கூட்டத்துக்கே வராதவர்களின் கையெழுத்தும் அதில் இருக்கும்!

புகார் வராததை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை; வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள்; வெளியூரில் மண்டபம் பேசியாயிற்று. இதெல்லாம் அங்கன்வாடிப் பணியாளரின் காதுக்கு முதலிலேயே வந்துவிடும். ஆனால் பெண்ணின் தகப்பனார், தலைவருக்குப் பங்காளி. காலையில் தகவல் சொல்லிவிட்டு மாலையில் அதே தெருவில் அந்த அம்மா எப்படி நடமாடுவார்? சட்டம் தெரியாததைவிட இந்தச் சங்கடம்தான் குழுக்களை முடக்கிப்போடுகிறது. பேரணியாலும் பதாகையாலும் அது தீராது.

அதனால்தான் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098 என்ற கட்டணமில்லா எண்ணைப் பெரிதாக நம்புகிறேன். அழைத்தவர் யார் என்பதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். ஆனால், விசாரிக்க வந்த இடத்தில் ஓர் அலுவலர், “உங்கள் ஊர் டீச்சர்தான் சொன்னார்” என்று உளறிவிட்டால் போதும், அந்த ஊரிலிருந்து அடுத்த அழைப்பு வரவே வராது.

சட்டமும் கைகொடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, தாலி ஏறும் முன்பே நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கலாம். அதை மீறி நடத்தினால் அந்தத் திருமணமே செல்லாது. பாலியல் குற்றமென்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வருகிறது. தெரிந்தும் தகவல் தராமலிருப்பது தண்டனைக்குரியது. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குத் தொடர முடியாது. “பேசி முடித்துவிடலாம்” என்று சில குழுக்கள் இறங்குகின்றனவே, அந்த அதிகாரம் அவர்களுக்கு யாரும் கொடுத்ததில்லை.

திருமணத்தை நிறுத்தியதும் அதிகாரிகளின் ஜீப் கிளம்பிவிடுகிறது. பணமில்லாத வீட்டில் அந்தப் பெண் மறுபடி எப்படிப் பள்ளிக்குப் போவாள்? தாய் கைம்பெண் என்றாலோ, பெற்றோர் தீராத நோயில் கிடந்தாலோ, வருமான வரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் குழு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுத அதுவே போதும். நன்றி, வணக்கம்.