கேசட்டில் கேட்கும் கிறீச் ஒலிதான் புரோகிராமா?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். நேயர் ஒருவர் கேட்கிறார்: “லண்டனில் இருந்த மாமாவின் பெட்டியில் ஒரு கேசட் கிடைத்தது. மேலே ‘ஸ்பெக்ட்ரம் 48கே’ என்று எழுதியிருக்கிறது. டேப் ரெக்கார்டரில் போட்டால் பாட்டு எதுவும் இல்லை, காது கூசும்படி கிறீச்சென்று சத்தம்தான் வருகிறது. கேசட் கெட்டுவிட்டதா? எறிந்துவிடலாமா?”

தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது கெட்டுப்போன கேசட் அல்ல. நீங்கள் கேட்ட அந்தச் சத்தமே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமாக இருக்கும், அநேகமாக ஒரு கேம்.

ஸ்பெக்ட்ரம் என்பது கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வெளியிட்ட வீட்டுக் கம்ப்யூட்டர். 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. திரை கிடையாது; வீட்டு டிவியில் இணைக்க வேண்டும். சேமித்து வைக்க டிஸ்க்கும் கிடையாது. டிஸ்க்கைப் படிக்கும் ஃபிளாப்பி டிரைவ் அன்றைக்கு என்ன விலை தெரியுமா? 1978-இல் ஆப்பிள் கொண்டுவந்த டிஸ்க் II என்ற டிரைவின் தொடக்க விலையே 495 டாலர். டிரைவ் ஒன்றே ஸ்பெக்ட்ரத்தைவிட அதிக விலை! ஆனால் கேசட் ரெக்கார்டர் பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொட முடிந்ததற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சத்தத்தில் புரோகிராம் எப்படி அடங்குகிறது? கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது 0, 1 இரண்டும்தான். ஸ்பெக்ட்ரம் 0-வை ஒரு குறுகிய ஒலி அலையாகவும், 1-ஐ அதைப்போல் இரு மடங்கு நீளமான அலையாகவும் பதிவு செய்தது. தொடர்ந்து 0 மட்டும் வந்தால் நொடிக்கு ஏறக்குறைய 2000 அலைகள், 1 மட்டும் வந்தால் ஏறக்குறைய 1000. இரண்டும் கலந்து ஓடும்போதுதான் அந்தக் கிறீச்சல் பிறக்கிறது. அதற்கு முன்னால் சில நொடிகள் ஒரே சீராக ஒரு ஊதல் கேட்டிருக்குமே, அது ‘தரவு வரப்போகிறது, தயாராக இரு’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: இந்த ஒலியைப் படிக்க ஸ்பெக்ட்ரத்தில் தனிச் சில்லு (சிப்) எதுவும் இல்லை. அலை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று கம்ப்யூட்டரின் மூளையான இசட்80 செயலியே இடைவெளியை எண்ணிப் பார்த்து 0-வா 1-ஆ என்று முடிவுசெய்தது. எண்ணும் வேலையில் ஈடுபட்டிருக்கும்போதே டிவித் திரையின் ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகளையும் ஓடவிட்டது. நொடிக்குச் சராசரியாக 1500 பிட் வேகம் (ஒரு 0 அல்லது ஒரு 1 என்பதுதான் ஒரு பிட்). ஒரு பெரிய கேம் ஏற நான்கைந்து நிமிடம் ஆகும். இறுதியில் வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி வரும். ஒலியளவைக் கூட்டிக் குறைத்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒலியாக இருந்ததால் வானொலியிலும் அனுப்ப முடிந்தது. 1980-களில் யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடு வானொலியில் ஸோரான் மோட்லி தம் நிகழ்ச்சியில் புரோகிராம்களை ஒலிபரப்பினார். நேயர்கள் கேசட்டில் பதிவு செய்து தங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள்.

உங்கள் கேசட்டையும் இன்று இயக்கிப் பார்க்கலாம். நாடாவில் பூஞ்சை இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் இணைத்து, வேவ் (WAV) கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எம்பி3 வேண்டாம், சுருக்கும்போது அலையின் வடிவம் மாறக்கூடும். ஒலி மங்கலாக இருந்தால் டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். வேவ் கோப்பைப் படிக்கும் ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள், அதாவது இன்றைய கம்ப்யூட்டரை ஸ்பெக்ட்ரம் போல நடந்துகொள்ள வைக்கும் புரோகிராம்கள், இலவசமாகவே கிடைக்கின்றன. ஏறினால் என்ன கேம் என்று எனக்கும் எழுதுங்கள்.