கோஷ்டிச் சண்டை பெற்றெடுத்த சட்டம்

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்காவில் அரசு வேலைக்குத் தேர்வு வைக்கச் சொன்ன 1883-ஆம் ஆண்டின் பென்டில்டன் சட்டம் வந்தது சீர்திருத்தவாதிகளின் கொள்கையாலா, அன்றைய ஆளுங்கட்சியான குடியரசுக் கட்சியின் கோஷ்டிச் சண்டையாலா? எதிரணித் தோழி கொள்கை, மனசாட்சி என்று உருகிவிட்டுப் போயிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்சம் நியூயார்க் சுங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நாட்டின் இறக்குமதி வரியில் பெரும்பகுதி வசூலான இடம். அங்கே வேலை வேண்டுமா? கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குடியரசுக் கட்சி செனட்டர் ராஸ்கோ காங்க்லிங்கின் தயவு வேண்டும். தேர்தல் வந்தால் சம்பளத்தில் ஒரு பங்கு கட்சி நிதிக்குப் போய்விடும். அங்கே தலைமை அதிகாரி செஸ்டர் ஆர்தர், காங்க்லிங்கின் ஆள். 1878-இல் அவரை ஜனாதிபதி ஹேய்ஸ் வீட்டுக்கு அனுப்பினார். அது கொள்கை என்கிறார் தோழி. சரி, கொள்கைதான். ஆனால் அதற்கு முன்பே, 1871-இல் ஜனாதிபதி கிராண்ட் சீர்திருத்த ஆணையம் அமைத்தாரே, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் காசு தராமல் அதைப் பட்டினி போட்டதே! கொள்கை அன்றைக்கும் இருந்தது, சட்டம்தான் வரவில்லை.

அப்புறம் 1880, சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. கிராண்டே மூன்றாம் முறையும் வேண்டும் என்றது காங்க்லிங்கின் ஸ்டால்வர்ட் கோஷ்டி. கூடாது என்றது கட்சியின் இன்னொரு தலைவரான பிளெய்னின் ஹாஃப்-பிரீட் கோஷ்டி. 36 சுற்று வாக்கெடுப்பு! கடைசியில் யாரும் எதிர்பாராத கார்ஃபீல்டு வேட்பாளரானார். முறுக்கிக்கொண்ட ஸ்டால்வர்ட்களைச் சமாதானப்படுத்தத் துணை ஜனாதிபதி வேட்பாளர் யார் தெரியுமா? சுங்க அலுவலகத்திலிருந்து துரத்தப்பட்ட அதே ஆர்தர்!

ஜெயித்த கார்ஃபீல்டு, காங்க்லிங்குக்கு ஆகாத ராபர்ட்சனை அதே சுங்க நாற்காலிக்கு நியமித்தார். காங்க்லிங் செனட்டிலிருந்தே ராஜினாமா செய்தார். 1881 ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையம். வேலை கேட்டு நடையாய் நடந்து ஏமாந்த கிட்டோ என்பவன் கார்ஃபீல்டைச் சுட்டான். 'நான் ஸ்டால்வர்ட், இனி ஆர்தர்தான் ஜனாதிபதி' என்றும் சொன்னான். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்தார்.

மக்கள் கொதித்தார்கள், அதனால்தான் சட்டம் என்பீர்கள். கொதித்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் சட்டம் நகரவில்லையே! 1882 நவம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி மண்ணைக் கவ்வியதும் பாருங்கள் அவசரத்தை: புதிய சபை கூடும் முன்பே, டிசம்பரில் செனட், ஜனவரியில் கீழ்ச்சபை என்று மசோதா பறந்தது. நாளைக்கு ஜனநாயகக் கட்சி ஜனாதிபதி வந்தால் நம் ஆட்களைத் தூக்கிவிடுவாரே என்ற பயம் நடுவர் அவர்களே! ஏற்கெனவே நாற்காலியில் இருப்பவருக்குத் தேர்வு கிடையாது, புதிதாக வருபவருக்குத்தான். அதுவும் முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கு மட்டும்.

கையெழுத்துப் போட்டவர் ஆர்தர். அவர் திருந்தினார் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மசோதாவைக் கொண்டுவந்த ஓஹையோ செனட்டர் பென்டில்டன், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர். கொள்கைக்காகவே நின்றவர் என்று அவரைச் சொல்லலாம். அடுத்த ஆண்டே அவருக்கு செனட் இடம் கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள், அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள்.