உப்புத் தின்ற எலியும் ஒழுகிப்போன வைட்டமினும்

[திரையில்: கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு வெள்ளை எலி. வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.]

இந்த எலிக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். உப்பால் ஏறும் அழுத்தத்துக்கும் வைட்டமின் டி குறைவுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி. நமக்குக் கையில் சுற்றும் பட்டையை இதற்கு வாலில் மாட்ட வேண்டும். முதலில் வாலை இளஞ்சூடாக்குவார்கள். இல்லாவிட்டால் நாடி சிக்காது. பட்டையில் காற்று ஏற ஏறத் துடிப்பு மறையும். காற்றை இறக்கும்போது துடிப்பு எந்த அளவில் திரும்புகிறதோ, அதுதான் மேல் அழுத்தம். எலி பயந்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும் என்பதால், சில நாட்கள் முன்பிருந்தே அதைக் குழாய்க்குப் பழக்குகிறார்கள். டாக்டரைக் கண்டதும் அழுத்தம் எகிறுவதில் நாம் தனியாக இல்லை.

இது பொறுக்கி எடுத்து வளர்த்த எலி. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் லூயிஸ் டால் என்ற மருத்துவர் எலிகளுக்கு உப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார். சிலவற்றுக்கு அழுத்தம் ஏறியது, சில அசைந்துகொடுக்கவே இல்லை. ஏறியதை ஏறியதோடும், ஏறாததை ஏறாததோடும் இணை சேர்த்தார். சில தலைமுறைகளிலேயே இரண்டு வம்சங்கள் பிரிந்துவிட்டன.

[திரையில்: கல்லீரலிலிருந்து சிறுநீரகத்துக்கு நகரும் மஞ்சள் புள்ளி.]

இதில் வைட்டமின் டி எங்கே வருகிறது? ஆய்வக எலி வெயிலைக் காணாதது. தீனியில் கலந்து கொடுப்பதுதான் அதற்குக் கிடைக்கும் வைட்டமின் டி. அதை அப்படியே உடல் பயன்படுத்த முடியாது. கல்லீரல் அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) சேர்த்துச் சேமிப்பு வடிவமாக்குகிறது. இரத்தப் பரிசோதனையில் அளப்பது இதைத்தான். சிறுநீரகம் இன்னொன்றைச் சேர்த்த பிறகே கால்சிட்ரியால் என்ற ஹார்மோன் பிறக்கிறது.

சேமிப்பு வடிவம் இரத்தத்தில் பெரும்பாலும் ஒரு புரதத்தின் தோளில் ஏறித்தான் பயணிக்கிறது. அந்தப் புரதம் சிறுநீரக வடிகட்டியில் கொஞ்சம் கசியும். கசிந்ததை நுண்குழல் செல்கள் மெகாலின் என்ற கொக்கியால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கால்சிட்ரியால் தயாராவதும் அந்தச் செல்களில்தான். சிந்தியதைப் பொறுக்குவதும் சமைப்பதும் ஒரே அடுப்படியில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கம்பிவலைத் தரை கொண்ட கூண்டு. அடியில் புனல், அதன் கீழே சிறுநீர் சேரும் குப்பி.]

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். எலியும் அப்படித்தான், குப்பி சீக்கிரம் நிறைகிறது. உப்பால் அழுத்தம் ஏறும் வம்சத்தின் குப்பியை ஆராய்ந்தபோது, அந்தச் சுமைதூக்கிப் புரதமும் அதன் முதுகில் இருந்த வைட்டமினும் சிறுநீரோடு வெளியேறியிருந்தன. இரத்தத்தில் அந்த வைட்டமினின் அளவு சரிந்திருந்தது.

வைட்டமின் குறைந்ததால் அழுத்தம் ஏறியதா, அழுத்தத்தாலும் உப்பாலும் சிறுநீரகம் நைந்து வைட்டமின் ஒழுகியதா? ஒழுகிய சேமிப்பு வடிவத்தை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். உப்பால் ஏறிய அழுத்தம் இறங்கவில்லை. டாலின் குழு இன்னொன்றும் செய்திருந்தது: அழுத்தம் ஏறாத வம்சத்து எலிக்கு, ஏறும் வம்சத்துச் சிறுநீரகத்தைப் பொருத்தியது. அழுத்தமும் அந்தச் சிறுநீரகத்தோடு குடிபெயர்ந்தது. கோளாறு முதலில் சிறுநீரகத்தில், வைட்டமின் இழப்பு அதன் பின்விளைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வைட்டமின் குறைவே அழுத்தத்தை ஏற்றுகிறது என்னும் எதிர்த்தரப்புக்கும் வலுவான சாட்சி உண்டு. வைட்டமின் டி ஏற்பியே (அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் செல் புரதமே) இல்லாத சுண்டெலிகளில், அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்னும் நொதி பெருகி, அழுத்தம் ஏறி, இதயமும் பருத்ததாகச் சிகாகோ பல்கலைக்கழகக் குழு 2002இல் காட்டியது. கால்சிட்ரியால் ரெனினுக்குக் கடிவாளம் என்பது அதிலிருந்து தெளிவானது. ஆனால் உப்புத் தின்னும் டால் எலியில் ரெனின் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறது. அடங்கிய குதிரைக்குக் கடிவாளம் அறுந்தால் என்ன, இருந்தால் என்ன?

மனிதரிடம் கேட்டால்? வைட்டமின் டி குறைந்து, அழுத்தம் சற்று உயர்ந்திருந்த 534 பேருக்கு அமெரிக்காவில் ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். ஒரு பாதிக்குத் தினமும் 4000 யூனிட், மறுபாதிக்கு 400. 2015இல் வெளியான முடிவின்படி, கூடுதலாகப் பெற்றவர்களுக்கு அழுத்தம் கூடுதலாகக் குறையவில்லை.

[திரையில்: எலிமருந்துப் பொட்டலம். கேமரா மெல்ல அதன் மூலப்பொருள் வரியை நெருங்குகிறது.]

அளவை இன்னும் ஏற்றிப் பார்க்கலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல். வைட்டமின் டி வரம்பு மீறினால் இரத்தத்தில் கால்சியம் எகிறி, இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் சிறுநீரகத்திலும் படியும். இந்தப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் கோலிகால்சிஃபெரால், வைட்டமின் டி3 தான்.