பிரெஞ்ச் டிரெய்ன் அடைத்துக்கொண்டால்: குழாயைக் கழுவலாம், ஜல்லியை?

(திரையில்: மழை விட்ட மறுநாள். வீட்டுச் சுவரை ஒட்டி ஓடும் ஜல்லிப் பட்டை. அதன் மேல் தண்ணீர் தேங்கியிருக்கிறது.)

மழை விட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. சுவரை ஒட்டிப் பிரெஞ்ச் டிரெய்ன், அதாவது மண்ணில் ஊறும் தண்ணீரை வடித்து வெளியேற்றும் ஜல்லி வடிகால், இருக்கிறது. ஆனாலும் அதன் மேலேயே தண்ணீர் நிற்கிறது. உள்ளே சுவரின் அடியில் ஓதம் ஏற ஆரம்பித்துவிட்டது. இந்த நேரத்தில் பலரும் ஹோஸை எடுத்துக் குழாய்க்குள் விட்டுவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அடைத்திருப்பது குழாயா, ஜல்லியா, தண்ணீர் வெளியே வரும் வாயா என்று தெரியாமல் கழுவினால் தண்ணீரும் நேரமும்தான் வீண்.

வணக்கம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று பார்க்கலாம்.

(திரையில்: வடிகாலின் குறுக்குவெட்டுப் படம். துணி, ஜல்லி, குழாய் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.)

முதலில் உள்ளே என்ன இருக்கிறது? ஒரு நீளமான பள்ளம். அதற்குள் ஜியோடெக்ஸ்டைல் என்ற வடிகட்டித் துணி. துணிக்குள் கழுவிய ஜல்லி. ஜல்லியின் அடிப்பக்கத்தில் துளை போட்ட குழாய், வீடுகளில் பெரும்பாலும் 4 அங்குலம். குழாய்க்கு ஒரே பக்கமாக வாட்டம் இருக்கும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்பது பொதுவான கணக்கு.

மண்ணில் ஊறிய தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி, பள்ளத்தின் அடியில் சேர்கிறது. அதன் மட்டம் உயர உயர, குழாயின் கீழ்ப்பக்கத் துளைகள் வழியாக உள்ளே வந்து ஓடிவிடுகிறது. அதனால்தான் துளைகள் கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். மேலே பார்த்தபடி வைத்துவிட்டால், குழாய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறிய பிறகுதான் வேலையே தொடங்கும்.

இந்த வடிகாலுக்குப் பெயர் வந்தது ஒரு மனிதரால்தான். 1859-இல் ஹென்றி பிரெஞ்ச் என்ற அந்த அமெரிக்க வழக்கறிஞர் விவசாய நிலத்து வடிகால்களைப் பற்றி எழுதியபோது, இன்றைய பிளாஸ்டிக் குழாயெல்லாம் கிடையாது. சுட்ட மண் ஓடுகளைச் சிறு இடைவெளி விட்டுப் பதித்தார்கள். பொருள்தான் மாறியிருக்கிறது. எதிரி அன்றும் இன்றும் ஒன்றுதான்: தண்ணீரோடு சேர்ந்து வரும் நுண்மண்.

(திரையில்: புல் மூடிய குழாய் வாய். கை அதை விலக்குகிறது.)

சரி, சோதனைக்கு வருவோம். எப்போதும் வெளிவாயிலிருந்து தொடங்குங்கள். குழாய் முடிந்து தண்ணீர் வெளியே கொட்டும் இடம் அது. அங்கே புல் வளர்ந்து மூடியிருக்கும், இலை சேர்ந்திருக்கும், மண் சரிந்திருக்கும், சில நேரம் எலியோ தவளையோ குடியிருக்கும். பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. இதைச் செய்யாமலே முழுப் பள்ளத்தையும் தோண்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் வாயைத் திறந்து பாருங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

வாயில் ஒரு கம்பிவலை மூடி இருப்பது நல்லது, பிராணிகள் நுழையாது. ஆனால் அந்த வலையிலேயே இலை ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் வலையையும் அடிக்கடி துடைக்க வேண்டும். உங்கள் வடிகால் தரைக்கு மேலே கொட்டாமல் ஒரு தொட்டிக்குப் போய், அங்கிருந்து பம்ப் மூலம் வெளியேறுகிறது என்றால், தொட்டியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மிதவை எழும்பிப் பம்ப் ஓட வேண்டும்.

(திரையில்: தரைமட்டத்தில் மூடி போட்ட செங்குத்துக் குழாய். மூடி திறக்கப்படுகிறது. ஹோஸ் உள்ளே போகிறது.)

வெளிவாய் சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தண்ணீர் வரவில்லை. இப்போது மேல்முனையில் தரைமட்டம் வரை நிற்கும் செங்குத்துக் குழாயின், அதாவது சோதனைக் குழாயின், மூடியைத் திறந்து ஹோஸ் தண்ணீரை விடுங்கள். இதை மண் ஈரமாக இருக்கும் நாளில் செய்வதுதான் சரி. காய்ந்த மண்ணில் விட்ட தண்ணீர் துளை வழியாக ஜல்லிக்குள் இறங்கி மண்ணோடு போய்விடும். வெளிவாய்க்கு ஒரு சொட்டும் வராமல் போகலாம். அதைப் பார்த்து அடைப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஈர மண்ணில் விட்ட தண்ணீர் சோதனைக் குழாயிலேயே மேலே ஏறி வந்தால், அடைப்பு குழாயில். தண்ணீர் தடையில்லாமல் வெளிவாய்க்கு வருகிறது, ஆனால் மேலே ஜல்லியில் மட்டும் குளம் நிற்கிறது என்றால் குழாயில் குறை இல்லை. ஜல்லியோ துணியோ அடைத்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

(திரையில்: பின்பக்கம் நீர் பீய்ச்சும் நாஸில், நெருக்கமாக.)

குழாய் அடைப்பு என்றால் பெரும்பாலும் நம்மாலேயே சரிசெய்ய முடியும். சாதாரண ஹோஸ் என்றால் மேல்முனையிலிருந்து வாட்டத்தின் போக்கிலேயே கழுவுங்கள். ஹோஸ் நுனியில் மாட்டி அழுத்தத்தோடு நீர் பீய்ச்சும் ஜெட்டர் நாஸில் என்றால் நேர் எதிர். வெளிவாயிலிருந்து மேல்நோக்கிச் செலுத்த வேண்டும். அதன் நீர்த்தாரைகள் பின்பக்கமாகப் பீய்ச்சுவதால் நாஸில் தானாக முன்னேறும், வண்டல் பின்னோக்கி வெளிவாய்க்கு வரும். கொஞ்ச தூரம் உள்ளே விட்டு, மெதுவாக இழுத்து, மறுபடி விடுங்கள். நாஸில் குழாய்க்குள் போன பிறகுதான் தண்ணீரைத் திறக்க வேண்டும். வெளியே திறந்தால் ஹோஸ் சீறிச் சுழன்று முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

அழுத்தம் அதிகமானால் நல்லது என்று நினைக்காதீர்கள். இது துளை உள்ள குழாய். அதிக அழுத்தம் துளை வழியாக வெளியே பாய்ந்து சுற்றியுள்ள மண்ணைக் கலக்கிவிடும், அந்த மண்ணே திரும்ப உள்ளே வரும். மெல்லிய நெளிவுக் குழாய் என்றால் கிழிந்தும் போகலாம். வேர் வெட்டும் சுழல் கம்பியை அந்த வகைக் குழாயில் விடாமலிருப்பதே நல்லது. கெட்டியான பிவிசி குழாய் தாங்கும்.

ஹோஸ் ஓரிடத்தில் முட்டி நின்றால், வாயருகே அதன் மேல் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, வெளியே இழுத்து, தரையில் அளந்து பாருங்கள். அடைப்பு எந்த இடத்துக்கு நேர் கீழே என்று தெரிந்துவிடும். அங்கே மேலே ஒரு மரமோ, வண்டி ஏறும் பாதையோ இருந்தால் காரணமும் பாதி தெரிந்த மாதிரிதான்.

(திரையில்: வெளிவாயில் வைத்த வாளி. பழுப்பு நீர், வேர்த் துணுக்குகள், ஆரஞ்சு நிறக் கூழ்.)

வெளியே வருவதை வீணாக ஓடவிடாதீர்கள், ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள். கறுப்பான மக்கிய இலை வந்தால் கூரைத் தண்ணீர் இந்தக் குழாயில் கலக்கிறது. மெல்லிய வேர்கள் வந்தால் பக்கத்து மரமோ புதரோ ஈரத்தைத் தேடி வந்திருக்கிறது. ஜல்லியும் மணலும் வந்தால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது, அல்லது இணைப்பு விலகியிருக்கிறது. அதைக் கழுவி ஒன்றும் ஆகாது.

ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பான கூழ் வந்தால், மண்ணில் கரைந்துள்ள இரும்பை உண்டு வளரும் பாக்டீரியா காரணம். இதை ஒருமுறை கழுவித் தீர்க்க முடியாது, நிலத்தில் இரும்பு இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். கூழாக இருக்கும்போது எளிதாகப் போகும். காய்ந்து இறுகிவிட்டால் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த வகை நிலத்தில் அடைக்கும்வரை காத்திருக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கழுவ வேண்டும்.

கழுவியும் அதே இடத்தில் மறுபடி மறுபடி வண்டல் சேர்கிறதா? அந்த இடத்தில் குழாய் தொய்ந்து வாட்டம் போயிருக்கும். அந்தப் பகுதியை மட்டும் தோண்டி, ரசமட்டம் வைத்து நேராக்குவதுதான் வழி.

அடைப்பு நீக்கும் ரசாயனத்தை மட்டும் ஊற்றாதீர்கள். அது கொழுப்புக்கும் முடிக்கும் ஆனது, மண்ணைக் கரைக்காது. துளை வழியாக நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும். வேருக்கு மயில்துத்தம் போடுவதும் அப்படித்தான், ஓடையில் கலந்தால் மீன்களுக்கு நஞ்சு.

(திரையில்: மேல் ஜல்லி அள்ளப்படுகிறது. அடியில் சேறு பூசிய துணி.)

இப்போது கடினமான பகுதி. ஜல்லி அடைத்தால் மேலாக இருக்கும் ஒரு சாண் அளவை அள்ளி, சலித்து, கழுவித் திரும்பப் போடலாம். மண்மூடிய மேல் துணியை மாற்றலாம். அதற்குக் கீழே பள்ளத்தின் பக்கத் துணி முழுக்கச் சேறு அப்பியிருந்தால், எந்த நாஸிலும் அங்கே எட்டாது. தோண்டிப் புதிதாகப் போட வேண்டியதுதான். அதனால் என் அக்கறையெல்லாம் நுண்மண் உள்ளே வராமல் தடுப்பதில்தான். கூரைத் தண்ணீருக்குத் துளையில்லாத தனிக் குழாய் போடுங்கள். ஜல்லி மேல் மண்ணையோ மரத்தூளையோ குவிக்காதீர்கள். மேட்டுப் பக்கம் வெறும் மண்ணாக இருந்தால் புல் வளர்த்துவிடுங்கள். கட்டட வேலை நடந்தால் மணல் குவியலை அந்தப் பக்கம் கொட்டவே விடாதீர்கள்.

(திரையில்: கையால் வரைந்த வீட்டு வரைபடம். வடிகால் கோடு நீல நிறத்தில்.)

தோண்டத்தான் வேண்டும் என்றால், முதலில் மின்கம்பி, எரிவாயு, தண்ணீர்க் குழாய்கள் எங்கே போகின்றன என்று விசாரித்துவிடுங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போக வேண்டியிருந்தாலோ, பள்ளம் ஆளின் நெஞ்சளவு ஆழம் ஆனாலோ, அனுபவமுள்ளவரை அழையுங்கள். மண்சரிவு எச்சரித்துவிட்டு வருவதில்லை.

திரும்ப மூடும்முன் ஒவ்வொரு திருப்பத்திலும், மேல்முனையிலும் ஒரு சோதனைக் குழாயை ஏற்றி மூடி போடுங்கள். சுவரிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை அடி என்று அளந்து ஒரு தாளில் குறித்து, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் புல்லுக்கு அடியில் அந்த மூடியைத் தேடும்போது அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.