ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு

மதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சனசமூக நிலைய முற்றத்தை நிறைத்து இருக்கும் எங்கள் ஊர்ச் சனமே, எல்லோருக்கும் வணக்கம்.

விளையாட்டு ஒலிபரப்பாளர் ஒருவர் காரணம் எதுவும் சொல்லப்படாமல் திடீரென நீக்கப்படுகிறார். ரசிகர்கள் கொதிக்கிறார்கள். அந்தக் கொதிப்பு நியாயமானதா, தேவையில்லாத ஆரவாரமா என்பதுதான் இன்றைய கேள்வி. நியாயமானதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி, "சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், இடையில் ரசிகனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அடுத்து வந்த ஆசிரியை அவர்கள் இன்னும் ஆழமாகப் போனார். காரணத்தை வெளியே சொன்னால் நீக்கப்பட்டவரின் மானம்தான் போகும், ஆகவே நிர்வாகம் வாய் திறக்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் கருணை என்றார். தம்பிக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். ஆசிரியையின் வாதம் கனமானது, அதற்கு நேரம் எடுப்பேன்.

ரசிகன் யார்? இந்த முற்றத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சில்லோடு டைனமோவை முட்ட வைத்து, அதிலிருந்து ஒரு வயரை இழுத்து வானொலிக்குக் கொடுப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கை களைத்தால் குரல் தேய்ந்து போகும், "சுத்தடா, சுத்தடா" என்று சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள். அப்படிச் சுற்றித் துடுப்பாட்டம் கேட்ட ஊர் இது. அதற்கு முன்பே, அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொன்ன காலத்தில், பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கமும் அவருக்குக் காது கொடுத்தவர்கள் உண்டு.

கண்ணால் காணாத ஆட்டத்தை ஒரு குரலை நம்பித்தான் பார்த்தோம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது என்று அவர் சொன்னால் தாண்டியது. பிடி தவறியது என்றால் தவறியது. அந்த நம்பிக்கையை எந்த நிறுவனமும் சம்பளம் கொடுத்து வாங்கவில்லை. கேட்டவர்கள் கொடுத்தது அது. அந்த நம்பிக்கையைக் காட்டித்தான் ஒலிபரப்பு நிறுவனங்கள் விளம்பரமும் பிடிக்கின்றன. ஆகவே தம்பி, ரசிகன் வேலியோரம் நின்று புதினம் பார்ப்பவன் இல்லை. இந்தக் கொடுக்கல் வாங்கலில் அவனும் ஒரு பங்காளி.

சரி, இனி ஆசிரியை அவர்களின் வாதத்துக்கு வருகிறேன். மௌனம் கருணையா?

2016 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கும் நேரத்தில் ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவில் இல்லை என்று செய்தி வந்தது. சர்வதேசத் துடுப்பாட்டம் ஆடாமலே, பேச்சுத் திறத்தாலும் உழைப்பாலும் மட்டும் அந்த இடத்துக்கு வந்தவர் அவர். 2008இல் அந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து அதன் குரல்களில் ஒருவர். ஏன் இல்லை என்பதற்கு இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபை பொதுவில் விளக்கம் எதுவும் தரவில்லை. தனக்கே யாரும் காரணம் சொல்லவில்லை என்று அவர் முகநூலில் எழுதினார். தன்னைச் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம், அதை ஏற்றுக்கொள்ள முடியும், ஆனால் தன் பேச்சைப் பற்றி வீரர்கள் முறையிட்டதால் இது நடந்திருக்கக் கூடாது என்றே நம்புகிறேன் என்பது அவர் எழுதியதன் சாரம். பாருங்கள், வேலையை இழந்த மனிதர் தன் குற்றம் என்னவென்று தானே ஊகித்துக்கொண்டிருக்கிறார்.

சனம் என்ன செய்தது? அதற்குச் சில நாட்கள் முன்புதான் பெங்களூரில் உலக இருபது ஓவர் தொடரில் இந்தியா பங்களாதேசை ஒரேயொரு ஓட்டத்தால் வென்றிருந்தது. அந்த ஆட்டத்தையொட்டி, இந்திய வர்ணனையாளர் நம் வீரர்களைப் பற்றி இன்னும் கூடுதலாகப் பேசினால் நல்லது என்று அமிதாப் பச்சன் பெயர் குறிப்பிடாமல் ருவிற்றரில் எழுதினார். இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்று தோனி அதைப் பகிர்ந்தார். போக்ளே நீக்கப்பட்டதும் ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டது. அதுதான் காரணம் என்று எவரும் நிறுவவில்லை. ஆனாலும் கதை போய்க்கொண்டே இருந்தது. இப்போது சொல்லுங்கள், அந்த மௌனம் யாருடைய மானத்தைக் காப்பாற்றியது? போக்ளே பிழை செய்தவர் போல ஆனார். பச்சனும் தோனியும் ஒருவரின் வேலையைப் பறித்தவர்கள் போலப் பேசப்பட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒரு வரி விளக்கம் ஊர் வாயை முழுதாக மூடியிராது, ஆனால் சம்பந்தம் இல்லாதவர்களின் பெயராவது அதில் விழாமல் தப்பியிருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சம்பவம் எங்கள் நாட்டிலேயே நடந்தது. 2006 ஓகஸ்ட், கொழும்பு சரவணமுத்து மைதானம், இலங்கைக்கும் தென்னாபிரிக்காவுக்கும் இடையிலான டெஸ்ட். தென்னாபிரிக்க அணியின் முஸ்லிம் வீரர் ஹஷிம் அம்லா ஒரு பிடியை எடுத்தபோது, விளம்பர இடைவேளை என்று நினைத்து, அவுஸ்திரேலிய வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ் அவரைப் பயங்கரவாதி என்று குறிப்பிட்டார். தென்னாபிரிக்காவில் அது ஒலிபரப்பில் கேட்டுவிட்டது. தொலைக்காட்சி நிறுவனம் அவரை உடனே நீக்கியது. அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு நாடு திரும்பினார். எதற்காக நீக்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால் அவரைக் கண்டிக்கவும் முடிந்தது, மன்னிக்கவும் முடிந்தது. பின்னர் அவர் மீண்டும் மைக் முன்னால் வந்தார். 2020 செப்டெம்பரில் மும்பையில் காலமானபோதும் அவர் வர்ணனைப் பணியில்தான் இருந்தார். ஆசிரியை அவர்களே, ஜோன்ஸ், போக்ளே இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோசமான சொல்லைச் சொன்னவருக்குத் தன் பிழை என்னவென்று தெரிந்தது, திருத்திக்கொள்ள வழி கிடைத்தது. மற்றவருக்கு அந்த வழியே காட்டப்படவில்லை.

இன்னொரு சேதமும் இருக்கிறது. அது மற்றவர்கள் கவனிக்காத சேதம். 2020 மார்ச்சில், போக்ளேயை விட்ட அதே இந்தியச் சபையின் வர்ணனைக் குழுவிலிருந்து சஞ்சய் மஞ்ச்ரேக்கரும் விடுபட்டார். தன் பணியில் சபைக்குத் திருப்தி இல்லாமல் இருந்திருக்கலாம், அதை ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார். இங்கும் ஊகம்தான். அவருடைய பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் நிறைய. ஆனால் அவர் போன பிறகு அந்த அறையில் மிச்சம் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். எந்தச் சொல் எல்லை தாண்டியது என்று அவர்களுக்கும் தெரியாது. அப்புறம் என்ன செய்வார்கள்? எல்லாச் சொல்லையும் விழுங்குவார்கள். மோசமாக ஆடியவனை மோசமாக ஆடினான் என்று சொல்லத் தயங்குவார்கள். ஆட்டத்தை நடத்தும் சபையே வர்ணனையாளரையும் அமர்த்தும் இடத்தில் இந்தப் பயம் இரண்டு மடங்கு. அதன் பிறகு எங்கள் காதுக்கு வருவது வர்ணனை இல்லை, புகழ்மாலை. நட்டம் கேட்பவனுக்கு. நட்டப்பட்டவன் ஏன் என்று கேட்கக் கூடாதா?

தூரத்துக் கதை போதும் என்று நடுவர் ஐயா பார்க்கிறார். எங்கள் பக்கத்துக்கே வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் வர்ணனை என்பது தொலைக்காட்சிக்காரரின் சொத்து இல்லை. 1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் என்ற துடுப்பாட்டப் போட்டியில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்சும் மோதும்போது மைதானத்தில் ஒலிக்கும் அறிவிப்பும், குருநகர், நாவாந்துறை, மயிலிட்டிப் பக்கத்து உதைபந்தாட்ட ஆட்டங்களில் இரவு வெளிச்சத்தில் கேட்கும் குரலும் எங்கள் சொந்தக் குரல்கள். அப்படி ஒரு தொடரில் பல வருடமாக மைக் பிடித்த ஒரு அண்ணரை உங்களில் பலருக்குத் தெரியும். பெயர் வேண்டாம், கழகத்தின் பெயரும் வேண்டாம். காலில் பந்து பட முன்னமே பொடியனின் பெயரையும் அவன் தகப்பன் எந்தக் கழகத்துக்கு ஆடியவர் என்பதையும் சொல்லிவிடுவார். விழுந்து கிடக்கும் எதிரணிப் பொடியனுக்கும் "எழும்பு ராசா" என்பார். சம்பளம் கிடையாது, ஒரு சோடாவும் ஒரு பொன்னாடையும்தான்.

ஒரு வருடம் அரையிறுதியன்று மைக் வேறொருவர் கையில். அண்ணர் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். "ஏன் ஆளைக் காணேல்ல?" என்று சனம் கேட்டது. ஏற்பாட்டுக் குழு வாய் திறக்கவில்லை. இடைவேளை முடிவதற்குள் கதைகள் தயார். குடித்துவிட்டு வந்தவராம். ஒரு கழகத்திடம் காசு வாங்கியவராம். கணக்கில் கை வைத்தவராம். அடுத்த கிழமை அவருடைய மகள் ரியூசனுக்குப் போனபோது பக்கத்துப் பிள்ளை கேட்டிருக்கிறது, "உங்கட அப்பா காசு எடுத்தவராமே?" அந்தப் பிள்ளை அந்த ரியூசனுக்குப் பிறகு போகவில்லை.

அண்ணர் உண்மையிலேயே பிழை விட்டிருந்தாலும் அந்தப் பிள்ளை இவ்வளவையும் சுமந்திருக்கத் தேவையில்லை. நேரம் பிந்தி வந்தார் என்று சொல்லியிருந்தால், நேரம் பிந்தியவர் என்ற பெயரோடு முடிந்திருக்கும். புதியவருக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தால் கைதட்டியிருப்போம். ஒன்றும் சொல்லாததால் எல்லாக் குற்றமும் அவர் தலையில் ஏறியது. இதைத்தான் ஆசிரியை கருணை என்கிறாரா?

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். உடல்நலம், குடும்பம், இன்னொருவர் கொடுத்த முறைப்பாடு என்று வெளியில் சொல்லக் கூடாதவை உண்டு. முறைப்பாடு கொடுத்த பெண்ணின் பெயரைக் கேட்டு எந்த ரசிகனும் நிற்கக் கூடாது. நாங்கள் கேட்பது அதை அல்ல. நீக்கப்பட்டவரிடம் முழுக் காரணத்தையும் நேரில் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு வரி போதும். ஒப்பந்தம் முடிந்தது, அல்லது விசாரணை நடக்கிறது, அல்லது நிகழ்ச்சியை மாற்றுகிறோம். அவ்வளவுதான்.

இது ஆகாத கோரிக்கையும் இல்லை. வேலையை முடிவுறுத்துவது பற்றி 1971இல் வந்த 45ஆம் இலக்கச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. அதன் கீழ் வரும் தொழிலாளி ஒருவரை ஒழுக்க நடவடிக்கையாக நீக்கினால், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு கடைச் சிப்பந்திக்கு நாடு கொடுத்த மரியாதை அது. நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று கொடுப்பனவு வாங்கும் ஒலிபரப்பாளர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. நீதிமன்றம் போக வழியில்லாதவருக்கு ரசிகனின் குரலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

குரல் எழுப்பி என்ன கண்டீர்கள் என்று தம்பி கேட்டார். 2023 மார்ச்சில் இங்கிலாந்தில் பிபிசி, அரசின் அகதிக் கொள்கையை விமர்சித்து எழுதியதற்காக தொகுப்பாளர் கரி லினேக்கரை உதைபந்தாட்ட நிகழ்ச்சியிலிருந்து விலக்கி வைத்தது. சக ஊழியர்களான இயன் ரைட்டும் அலன் ஷியரரும் நாங்களும் வரமாட்டோம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி தொகுப்பாளரும் வர்ணனையும் இல்லாமல் 20 நிமிடங்களுக்குச் சுருங்கியது. சில நாட்களில் அவர் திரும்பினார், நிறுவனம் தன் விதிகளை மீளாய்வு செய்ய ஒப்புக்கொண்டது. அங்கே காரணம் வெளியில் இருந்ததால் சண்டை போடவும் முடிந்தது, சமாதானம் ஆகவும் முடிந்தது.

ஒன்றை மட்டும் என் பக்கத்து ஆட்களுக்கும் சொல்ல வேண்டும். புதிதாக மைக் பிடித்த பிள்ளையைத் திட்டுவதும், அதன் உச்சரிப்பை வைத்துக் கேலி செய்வதும் நாங்கள் பேசும் நியாயத்தில் சேராது. அந்தப் பிள்ளைக்கும் நாளைக்கு இதே கதி வரலாம். கோபம் முடிவெடுத்தவரிடம் போக வேண்டும்.

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போகிறது என்று தெரிகிறது. முன்வரிசையில் அந்த உதைபந்தாட்டத் தொடரின் குழுவினர் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அடுத்த தொடருக்கு ஒலிபெருக்கி கட்டுவதற்கு முன்னால் அந்த அண்ணரின் வீட்டுக்குப் போங்கள். மகளும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், ஏன் நிறுத்தினோம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். எங்களுக்கு அறிவித்தல் பலகையில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். நன்றி, வணக்கம்.